மொட்டைக்காக நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை பக்கவாதம் வந்தபோது இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு மட்டும் தப்பியது. நாலே மாதத்தில் தடியை ஊன்றிக்கொண்டு விளாங்குடி பஸ் ஸ்டாப் வரை நடந்தார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று கே.கே. நகர் டாக்டர் என்னிடம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழுந்து நடந்தால் அழகர்கோவிலில் அவருக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தேன். என் தலையை நேர்ந்திருக்கலாம், பாவி. நாள் நெருங்கிய வாரம், வீட்டுக்கு வந்து சவரம் செய்பவரின் கத்தி அவர் தாடையில் லேசாகக் கீறிவிட்டது. துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை. தலை முழுக்கக் கத்தி ஓடினால் என்ன ஆவது என்று எனக்கு உதறல் எடுத்தது. மொட்டையைத் தள்ளிப்போட மனம் வரவில்லை; சாமி காரியம் ஆயிற்றே. கேட்டால் டாக்டர் வேண்டாம் என்பார் என்று கேட்கவும் இல்லை. ஐந்து நாள் அந்த ஒரு மாத்திரையை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. நான் கொடுப்பதைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்கிற மனிதர்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. ஒரு கீறல் இல்லை. தலையில் சந்தனத்தோடு, "எம்புட்டு லேசா இருக்கு, பாரு" என்று சிரித்தார்.

மறுநாள் காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. இந்தத் தடவை பேச்சும் போயிற்று. டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். பேச்சு திரும்புமென்று நம்பியிருக்க வேண்டாம் என்றார். சொந்தக்காரர்கள் விதி என்கிறார்கள். விதியாம்! விதிக்கு மாத்திரையை எடுத்து ஒளித்து வைக்கத் தெரியுமா?

இப்போது வேளை தவறாமல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன வாரம் கஞ்சி ஊட்டும்போது அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நாந்தாங்க நிறுத்துனேன். மொட்டை போடணும்னு நாந்தான் நிறுத்துனேன்."

என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை திட்டிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். அடுத்த கரண்டிக் கஞ்சிக்காகத் திறந்திருக்கிறார்.