லூர்து அண்ணனின் இடப்பக்க ஜன்னல்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நான்காவது நடைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது லூர்து அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அண்ணியின் அழைப்பு வந்தது. "ஏழுமல, அண்ணன் பூட்டாருப்பா" என்றார். மாற்று நடத்துநர் கிடைக்கவில்லை. விழுப்புரம் வரை சீட்டுக் கிழித்துக்கொண்டே போனேன். கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டியவரை விக்கிரவாண்டியில் இறக்கிவிட்டு ஏச்சும் வாங்கினேன்.

அதே தடத்தில் பதினோரு வருடம் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். அவர் வண்டியில் வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் கழுத்தெலும்பு தேய்ந்து, அறுவை சிகிச்சையில் தகடு வைத்து, வேலையை விட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. விமானம் ஓட்டினார். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில். விளையாட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

திரையில் விமானத்தின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்க மௌசை இழுக்க வேண்டும். அவர் கையோ அந்தக் கழுத்தால் மரத்துப்போன கை. அதனால் கேமராவை, அதாவது திரையில் தெரியும் பார்வையை, வேண்டிய இடத்தில் ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு எண்ணில் பதிந்துவைப்போம். எண்ணை அமுக்கினால் பார்வை அங்கே போய்விடும். ஒன்று, நேர் எதிரே. இரண்டு, கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி கருவிகள் கிட்டத்தில். மூன்று, இடப்பக்க ஜன்னல். இறங்கத் திரும்புவதற்கு முன் ஓடுபாதை அங்கேதான் தெரியும்.

"என் கழுத்துதான் திரும்பல. இதுனாச்சும் திரும்பட்டும்" என்பார்.

வாரவிடுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச்சொல்ல நான் நகர்த்துவேன். "ரெக்கை மறைக்குது பாரு. இன்னும் கொஞ்சம் மேல... ஆங், நிறுத்து." ஒரு ஜன்னலுக்கே அரைநாள் ஆகும். இரட்டை டூட்டி பார்த்துவிட்டு வந்த எனக்குக் கண் சொக்கும்.

அப்படி ஒருநாள், அவர் மாத்திரை போட உள்ளே போயிருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் மௌஸ் இழுபட்டுப் பார்வை கூரைக்குப் போய்விட்டது. ஜன்னலைத் திரும்ப வரவழைக்கிற பொத்தானுக்குப் பதிலாகப் பதிகிற பொத்தானை அமுக்கிவிட்டேன். மூன்றாம் எண்ணில் ஜன்னல் போய் விமானத்தின் கூரை பதிந்துவிட்டது. மறுபடி அரைநாளா என்ற அலுப்பில் வாயைத் திறக்கவில்லை. அவர் வந்து விமானத்தைக் கிளப்பினார். புதுச்சேரியில் இறங்கப்போகும் நேரம் மூன்றை அமுக்கினார். திரை முழுக்கக் கூரை. ஓடுபாதையைத் தேடுவதற்குள் விமானம் தரையில் மோதியது.

"எதனா அமுக்கினியா ஏழுமல?"

"இல்லண்ணே."

அவரால் என் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. அது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வாரம் நான் போகவில்லை. டூட்டி என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அவரே கூப்பிட்டார். "வாப்பா. மூணாம் நம்பரு நானே வெச்சிட்டேன்." போனேன். ஒன்பது நாள் அந்தக் கையை வைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான்தாண்ணே அழிச்சிட்டேன்."

"தெரியும்பா. வேற யாரு இருந்தா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கை தவறும், இன்னா இப்ப. சொல்லியிருந்தா எறங்காம மேலயே ஒரு சுத்து சுத்திக்கினு இருந்திருப்பேன். நீ சொல்லாததாலதான் வுழுந்தேன்."

அன்று புதுச்சேரியில் பூப்போல இறங்கினார். என்னை ஒரு பொத்தானைக்கூடத் தொடச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பின் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துப்போகச் சொன்னார் அண்ணி. வேண்டாம் என்றேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளத் தெம்பும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வண்டியில் ஏதாவது தவறு செய்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன் போய்ச் சொல்லிவிடுகிறேன். திட்டு விழுகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.