உதிராத காய்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடுகிறவன் நான். நீங்களும் நம்பவேண்டியதில்லை. ஆனால் நடந்தது, போன இலையுதிர்காலத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலைக்காட்டில்.

என் கூட்டாளி குகன் மரப் பைத்தியம். அவன் செத்தபோது, ஆசைப்பட்டபடியே, அஸ்தியை அங்கே ஒரு ஃபர் மரத்தடியில் நானும் அவன் மனைவி வதனியும் தூவினோம். அடையாளத்துக்கு அடிமரத்தில் மூன்று விரலால் விபூதி பூசிவிட்டு வந்தோம். மழை என்று ஒன்று பெய்யும் என இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

ஆண்டுத் திவசத்துக்கு ரொறன்ரோ மல்வேர்னிலிருந்து இடியப்பமும் சொதியுமாகப் போனால், மலை முழுக்க ஒரே பச்சை.

"பிழையான மரத்தடியில படைச்சா அவர் பசியோட நிப்பார், அண்ணை," என்று சிரிக்கப் பார்த்தாள் வதனி. அழுகைதான் வந்தது.

குகன் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது: ஊசியிலையை விரலிடுக்கில் உருட்டு; உருண்டால் ஸ்புரூஸ், தட்டையாகக் கிடந்து அடியில் இரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் ஃபர். அவளைப் பாதையோரம் இருத்திவிட்டு, மரம் மரமாக உருட்டிக்கொண்டு ஏறினேன். உருண்டது, உருண்டது, பிறகு ஒன்று உருளவில்லை, வெள்ளைக் கோடும் தெரிந்தது, ஃபர்தான் என்று நிமிர்கிறேன், தோளுக்குப் பின்னால் அவன் குரல்.

"உது இல்லையடா."

திரும்பினேன். ஒருவரும் இல்லை. அடுத்த ஃபரில் கை வைத்தேன்.

"உதுவும் இல்லை, விசரா."

மூன்றாவதைத் தொட்டபோது குரல் இல்லை. காற்றும் இல்லை. வதனியைக் கூப்பிட்டேன்.

"ஆரோட அண்ணை கதைச்சுக்கொண்டு போனீங்கள்? 'சரியடா, சரியடா' எண்டு?"

சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

படைத்தோம். வீடென்றால், செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு விலகி நிற்போம். காட்டுக்கு ஏது கதவு, முதுகு காட்டி நின்றோம். திரும்பினால் வாழையிலை ஓரத்தில் ஒரு ஃபர் காய், நிமிர்ந்து நின்றது. அந்தக் காய் கொப்பில் நின்றபடியே செதில் செதிலாக உதிர்ந்துபோவது. முழுதாக நிலத்துக்கு வருவது அருமை. அணில் கடித்துப் போட்டிருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

வதனி அதைக் கொண்டுபோய் அவன் படத்தடியில் வைத்தாள். ஹீற்றர் போட்ட வீட்டில் ஒரு கிழமையில் கொட்டியிருக்க வேண்டும். நேற்றும் போய்ப் பார்த்தேன். ஒரு செதில் உதிரவில்லை. தொட்ட விரலில் பிசின் ஒட்டியது, ஈரமாக.