லூர்துமேரி அண்ணி கழற்றிய ஏசி

எங்கள் அண்ணி லூர்துமேரியைப் பற்றி நான் பெருமை பேசினால், நாத்தனார் வாயில் இப்படியும் வருமா என்று மரக்காணத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் டிரைவிங் பழகி, பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் தெருவில் வேறு யார் ஓட்டுகிறார்கள், காட்டட்டும்.

அந்த வண்டிக்கு நிலையான சவாரி ஒன்றுதான். உப்பள முதலாளி தட்சணாமூர்த்தி ஐயாவை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி கூட்டிப்போய்க் கூட்டிவருவது. சித்திரை வெயிலில் ஏசி கைவிட்டது. கேஸ் நிரப்பினால் கொஞ்ச நாள் குளிரும், அப்புறம் பழையபடி அனல்தான். சிகிச்சை முடிந்து துவண்டு வந்தவர் வண்டிக்குள் வெந்துபோனார். திங்கட்கிழமையும் இப்படியென்றால் திண்டிவனத்து வண்டியை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சவாரி போனால் அண்ணி மறுபடி உப்பளத்தில் இறங்க வேண்டியதுதான்.

ஒர்க்‌ஷாப்பில், பம்பருக்குப் பின்னால் ஏசி கேஸைக் குளிர வைக்கும் கண்டென்சர் ஓட்டை, ஒரு வாரம் வண்டியை விட்டுப் போங்கள் என்றார்கள். அண்ணி புது கண்டென்சரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி முன் பம்பரைக் கழற்றத் தொடங்கினார். பிரிட்ஜ் மெக்கானிக் கார்த்திகேசன் வேக்கம் பம்பையும் அழுத்தம் காட்டும் கேஜையும் கொண்டுவந்து கூட நின்றார். ஸ்பேனர் பிடித்தது அண்ணி. எங்கள் அண்ணன் அந்தோணிராஜ் பிடித்தது குடை.

பழைய கண்டென்சரின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கடல் காற்று தின்றுவிட்டது என்றார் கார்த்திகேசன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். அப்புறம் முகம் சுண்டிப்போனது.

"கடல் உப்பு இல்லீங்க இது, கசக்குது. எங்க போர் தண்ணி. தினம் காலையில பைப்ப வச்சி நான்தான் அடிச்சேன்."

ஊரிலேயே பளபளப்பான வண்டி என்று பேர் வாங்கத்தான் அத்தனை குளிப்பாட்டலும். அன்றோடு போர் தண்ணீருக்குத் தடை. வீட்டுக்கு வரும் நல்ல தண்ணீரில் முதல் குடம் இப்போது வண்டிக்கு, மிச்சம்தான் அண்ணனுக்கு.

புதியதை மாட்டிய பிறகு, பைப்புகளில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் உறிஞ்சி எடுத்தது. இனி கேஜ் முள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை, மெல்ல ஏறியது. எங்கோ கசிகிறது. கேஸை ஏற்றிவிடு, நாளைக்கு ஒரு நாள் தாங்கும் என்றார் அண்ணன். அண்ணி பார்த்த பார்வையில் குடை தானாக மடங்கியது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். ஒரு இணைப்பில் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. வேறு வளையம் எடுத்து, எண்ணெய் தடவி மாட்டினார். முள் நின்றது. கேஸ் ஏறியது. முன் சீட்டில் உட்கார்ந்து குளிர்ந்த காற்றுக்கு முகத்தைக் காட்டியபோது, சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை துணைக்கு நானும் போனேன். மத்தியானம் திரும்புகையில் கோட்டக்குப்பம் நெரிசலில் வண்டி நின்றது. முன்பெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கும் இடம் அதுதான். அன்றைக்குப் பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் திண்டிவனத்து டிரைவர், அடுத்த முறை எத்தனை மணிக்கு வர என்று கேட்கிறார். ஆக, ஐயா ஏற்கெனவே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அண்ணியின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"நீ வர வேணாம்பா," என்றார் ஐயா. "நம்ம வண்டி இருக்குது."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நகர இம்மி இடமில்லாத அந்த நெரிசலில், நீளமாக ஒரு ஹார்ன் அடித்தார்.