அண்ணன் பெயருக்கு நேரே

நாகல் நகரில் ஒரு மாடி அறைதான் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் ஆபீஸ். பூ, காய்கறி விலை நிலவரத்தை உறுப்பினர்களுக்கும் வியாபாரிகளுக்கும் வாராவாரம் மெயிலில் அனுப்புவது என் வேலை. பாதிப் பேர் படிப்பதில்லை. படிக்கிறவர்களும் விலை தப்பு என்று சண்டைக்குத்தான் வருவார்கள்.

அந்தப் பட்டியலில் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு முகவரியை நானே சேர்த்திருந்தேன். என் அண்ணனுடையது. அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டுக் கொடைரோட்டில் ரயிலேறிப் போனவன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். நான் எழுதிய மெயில் எதற்கும் பதில் இல்லை. அப்பா இறந்ததை எழுதினேன், அதற்கும் இல்லை. தங்கச்சி எழுதினால்தானே ஆகாது, தக்காளி விலை என்றால் பார்ப்பானோ என்று ஒரு வீம்பில் சேர்த்தேன். முதல் வாரமே, மெயில் அனுப்பும் மென்பொருளில் அவன் பெயருக்கு நேரே 'திறக்கப்பட்டது' என்று வந்தது. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அம்மா சித்தையன்கோட்டையில் தனியாக இருக்கிறாள். நான் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்.

"பாத்துட்டானாடி?"

"பாத்துட்டான்மா."

அன்று என் தட்டில் சோறு ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

இந்த ஆண்டு சங்கம் மெயில் அனுப்ப வேறு மென்பொருளுக்கு மாறியது. முகவரிகளையெல்லாம் ஏற்றி, முதல் மெயிலை அனுப்பிவிட்டு மறுநாள் பார்த்தேன். அண்ணன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் இல்லை. மென்பொருளை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"மேடம், சில மெயில் கம்பெனியோட மெஷினே மெயிலை முன்கூட்டித் திறந்து அதுல இருக்கிற படத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கும். உங்க பழைய சாஃப்ட்வேர் அதையும் ஆள் திறந்ததாக் கணக்குல சேர்த்திருக்கும். நாங்க சேர்க்க மாட்டோம். இதுதான் நிஜம்."

நிஜம் என்று அவள் சொன்ன விதத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் என்ன தப்பு? யாருமில்லாத வீட்டுக் கதவு தானாகத் திறந்து மூடியதை, அண்ணன் வந்துவிட்டான் என்று நானும் அம்மாவும் இத்தனை நாளும் கொண்டாடியிருக்கிறோம். இல்லையென்றால், அவன் எங்கோ நன்றாக இருக்கிறான், மெயிலைப் பார்ப்பதுதான் இல்லை. இரண்டில் எது என்று தெரியாமலே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"மெஷினு தொறந்தாத் தொறந்துட்டுப் போகுது. நீ அனுப்புனது திரும்பி வந்துச்சா?"

"இல்லம்மா."

"ஆளே இல்லேன்னா திரும்பி வந்துரும்ல, தபால் மாதிரி?"

வராது. ஆள் செத்தாலும் அந்தப் பெட்டி வெகுநாள் மெயிலை வாங்கி வைத்துக்கொண்டேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அம்மாவின் கை காயோடு அப்படியே நின்றிருந்தது.

"ஆமாம்மா. வந்துரும்."

"அம்புட்டுத்தானே," என்று அடுத்த காயை எடுத்தாள்.

இப்போதெல்லாம் அவள் கேட்பது, "திரும்பி வந்துச்சா?" என்றுதான். நானும் மென்பொருளைத் திறந்ததும் முதலில் பார்ப்பது திரும்பி வந்தவற்றைத்தான். நெடுநாள் யாரும் தொடாத பெட்டியை மெயில் கம்பெனிக்காரர்கள் ஒருநாள் மூடிவிடுவார்கள். மூடிய வாரம் மெயில் திரும்பி வரும். அதற்குச் சாவு என்று அம்மாவுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவள் நான். நினைத்தாலே பயமாக இருக்கிறது. அந்த வாரமும் நான் ஊருக்குப் போவேன், அம்மா கேட்பாள்.