செல்லம்மாக்கா தொடாத ஒயர்

“...தொடச்சது தரைய மட்டுந்தாம்ப்பா, ஒயரத் தொடவே இல்ல!” என்று அழுதார், திண்டுக்கல்லில் எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த செல்லம்மாக்கா.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான். எல்லாவற்றுக்கும் மையமான சர்வருக்கும், அதற்குள்ளேயே மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிக்கும் திடீரென்று தொடர்பு அறுந்திருந்தது. நோயாளிகளின் ரிப்போர்ட் எதுவும் வரவில்லை. அக்கா கேபிளை இழுத்திருப்பார் என்று மேனேஜரிடம் சொன்னேன். அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள்தான் பிடிபட்டது. சோதனைக்காக நான் உருவாக்கிய இன்னொரு மெய்நிகர் கணினிக்கு, சர்வரின் நெட்வொர்க் முகவரியான ஐ.பி. எண்ணையே கொடுத்திருந்தேன்; இரண்டும் மோதிக்கொண்டன. எண்ணை மாற்றியதும் எல்லாம் ஓடியது. ஊருக்கெல்லாம் கதை சொல்லும் என் வாய், வேலை போய்விடும் என்ற பயத்தில் திறக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்துப் பூ மார்க்கெட்டில் அவரைப் பார்த்து, அத்தனையும் சொல்லி அழுதேன்.

“இத அந்த மேனேஜர்ட்ட சொன்னியாப்பா?”

“இல்லக்கா” என்றேன்.

“செத்தத் தள்ளு அப்பு, பஸ் வந்துரும்” என்று பூக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.