மாஸ்டருக்குக் கெடைச்ச ஓரத்து நாற்காலி

துபாய் கராமாவுல எங்க ரூம்ல ஆறு பேரு. அதுல மரியாதையான ஆளு ஒருத்தர்தான், உமாபதி மாஸ்டர். சேலத்துக்காரர். ஏசி மெக்கானிக்கா வந்தவரு, வெள்ளிக்கிழமையானா மணல்ல பஞ்சாபிப் பசங்களைத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. அதைப் பாத்த ஸ்கூல்காரன் ஒருத்தன் கூட்டிட்டுப் போயி குஸ்தி கோச் ஆக்கிட்டான். ஆச்சு பதினேழு வருஷம். அவர் பசங்க வாங்குன மெடல மாட்ட அங்க செவுரு பத்தல.

பசங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒண்ணுதான். குஸ்தி மெத்தைல ஏறிட்டா, ஓரத்து நாற்காலில உக்காந்திருக்கற கோச்சைத் திரும்பிப் பாக்கக் கூடாது. காதுல வாங்கிக்க, கண்ண எதிராளி மேல வை.

மனுசனுக்கு ஒரே ஏக்கம். மக தாரிணி சேலத்துல குஸ்தி போடுறா. அவளுக்குக் கோச்சா ஒரு தடவையாச்சும் அந்த நாற்காலில தான் உக்காரணும். ஸ்கூல் லீவு ஜூலைல. அவ போட்டியெல்லாம் ஜனவரில. ஊரான் புள்ளைக்கெல்லாம் உக்காந்தாரு, சொந்தப் புள்ளைக்கு இல்ல.

அதனால காலைல அஞ்சு மணிக்கு ஊறுகா பாட்டில்ல ஃபோன சாச்சு வச்சு வீடியோ கால்ல பாடம். "காலப் புடிம்மா"ன்னு கத்துவாரு. கீழ்க் கட்டில்ல படுத்திருக்கற நான் என் கால இழுத்துக்குவேன். நெட்டு மெதுவு. இவர் குரல் போய்ச் சேர்றதுக்குள்ள அவ புடிச்சு முடிச்சிருப்பா.

"நான் சொல்லப் போறது அவளுக்கு முன்னாடியே தெரியுதுய்யா"ன்னு மாஸ்டருக்குப் பெருமை.

இந்த ஜனவரி மாநிலப் போட்டி. லீவு கேட்டாரு. பிரின்சிபால் மாஃபி, கெடையாதுன்னாரு. அப்ப வேலையும் கலாஸ், முடிஞ்சுதுன்னாரு இவரு. பத்து நாள் கெடச்சுது. ஊர்ல மாஸ்டருக்குச் சின்ன வீடு இருக்குன்னு ரூம்ல கெளப்பிவிட்டது யாருன்னு கேக்காதீங்க.

அங்க நடந்தது, அவர் சம்சாரம் ராதிகா என் வீட்டுக்காரிகிட்ட சொன்னது. ஊர்க் கோச்கிட்ட கெஞ்சி அந்த நாற்காலிய வாங்கிட்டாரு. தாரிணி ஃபைனல் வந்துட்டா. நாலு பாயின்ட் முன்னால வேற. எதிராளி கால் நகர்ந்துச்சு. இவர் "காலப் புடிம்மா"ன்னாரு. குரல் அந்த நிமிசமே காதுல விழுந்துச்சு. புள்ள திரும்பிப் பாத்துட்டா. அவ்வளவுதான், எதிராளி இடுப்பப் புடிச்சு மல்லாக்கப் போட்டு ஜெயிச்சுட்டா.

வீட்டுக்குப் போற பஸ்ல அவ சொன்னாளாம்: "குரல் பக்கத்துல கேட்டுச்சுப்பா. நெசமாவே நீங்கதானான்னு பாத்தேன்."

மாஸ்டர் டவல வச்சு மொகத்தத் தொடச்சுக்கிட்டே வந்தாராம், சேலம் வர்ற வரைக்கும்.

இப்ப மறுபடி ஊறுகா பாட்டில், அஞ்சு மணி. நேத்து வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன்.

"அடுத்த ஜனவரியும் போறீங்களா மாஸ்டர்?"

"லீவு இப்பவே எழுதிக் குடுத்துட்டேன்."

"மறுபடி நாற்காலியா?"

"இல்லய்யா. மேல, கேலரில கடைசி வரிசை." தோள்ல கெடந்த டவலக் காட்டுனாரு. "இத வாயில வச்சுக்கிட்டு."