நெல்லில் விழுந்த சிவப்புத் தூள்

பெயர்ப்பலகைத் தொழிலில் எழுத்து கடைக்காரருக்குப் போய்விடும். எழுத்தைச் சுற்றி வெட்டிய தூள் நம் தலையில் விழும். தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பட்டறை ஒன்றில் இரவெல்லாம் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பலகையை வெட்டும் மிஷினோடு இருப்பவன் நான். செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்ட வேலை. கூட்டக் கூட்டத் தூள் தீராத வேலையில் இருப்பவர்களுக்கு என் கதை புரியும்.

களத்துச் சண்டை

பட்டறைக்குப் பின்னால் தூளை மூட்டைகளாகக் குவித்திருந்தோம். எலி கடித்த மூட்டை ஒன்று காற்றில் சிதறி, பக்கத்துக் களத்தில் செல்வராஜ் காயப்போட்டிருந்த நெல்லில் கலந்துவிட்டது. நான் வேலை முடிந்து கிளம்பும்போது கைநிறைய நெல்லோடு வாசலில் நின்றார். பாதி நெல், பாதி சிவப்பு.

மன்னிப்புக் கேட்டேன். தூற்றிக் கொடுத்தேன். அவர் சமாதானமாகவில்லை. "இன்னும் மூணு மா நெலம் அறுக்கணும்ணே. கவர்மெண்டு கொள்முதல்ல இதைப் பார்த்தா மூட்டையைத் திருப்பிடுவாங்க. இன்னொரு தடவை விழுந்துச்சு, உங்க மொதலாளிகிட்ட பேசி ராத்திரி மிஷினையே நிறுத்திடுவேன்."

மிஷின் நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும். இந்த வயதில் யார் எனக்கு இன்னொரு மிஷின் தருவார்கள்?

காயலான் கடை

தூளில் கொஞ்சத்தைக் கொளுத்திப் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். காயலான் கடைக்கு இரண்டு மூட்டை தூக்கிப்போனேன். அக்ரிலிக்கை உருக்கி மறுபடி பலகையாக்கும் கம்பெனிக்கு அனுப்புகிறவர் அந்தக் கடைக்காரர். மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தார். சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவில் மரத்தூள். எல்லாவற்றையும் மிஷின் தூளை உறிஞ்சும் ஒரே பையில்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்!

"சாம்பாரு, மோரு, பாயசம் எல்லாத்தையும் ஒரே இலையில கொழச்சுக் கொண்டாந்தா யாருங்க திம்பா?"

கலப்பு

அன்றிலிருந்து வேலை வரிசையை மாற்றினேன். கண்ணாடி போன்ற நிறமில்லாத பலகை முதலில், பிறகு வெள்ளை, கடைசியில் சிவப்பு. நிறம் மாறும்போது மிஷினைத் துடைத்து, பையையும் மாற்றினேன். மூட்டைகள் உள்ளே வந்தன, வாய் கட்டி. வேவு பார்க்க வந்த செல்வராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஒரு நெல்லு ரகம் அறுத்த மிஷினைக் கூட்டாம அடுத்த ரகத்துல விட்டா கலப்பாயிடும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

உடைந்த எழுத்து

திருவாரூரில் பலகாரக் கடை வைக்கவிருந்த ஒரு அம்மா, மூலை உடைந்த சிவப்பு எழுத்தோடு வந்தார். மறுநாள் கடை திறப்பு. அதே நிறத் தூளை, பலகை ஒட்டும் திரவத்தில் ஊறவைத்தால் பசையாகும் என்று படித்திருந்தேன். உடைந்த இடத்தில் பூசி, காய்ந்ததும் தேய்த்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசமா ஒட்டுனீங்களா, இல்ல வேற எழுத்தை வச்சு ஏமாத்துறீங்களா?"

கொள்முதல்

செல்வராஜின் மிச்ச நெல் கொள்முதலுக்குப் போன நாளிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் போயிற்று. பிரித்த மூட்டைகளைக் காயலான் கடைக்காரர் ஏற்றிப்போய்விட்டார். ஆனாலும் எங்கேயாவது ஒரு துளி ஒட்டியிருந்தால்? மூன்றாம் நாள் சாயங்காலம் அவருடைய காலி டிராக்டர் பட்டறை வாசலில் நின்றது. இறங்காமலே பேசினார்.

"எடுத்துக்கிட்டாங்கண்ணே. ஈரம் ஜாஸ்தின்னு ரெண்டு நாள் காக்க வச்சாங்க. அந்தப் பழியை உங்க மேல போட முடியலையேன்னுதான் வருத்தம்."

ஊரெல்லாம் தூளை உருக்கிப் பலகை செய்கிறார்கள், பசை செய்கிறார்கள். நான் அதில் செய்துகொண்டது ஒரு நல்ல தூக்கம்.